ஏரிக்கரையில் எண்பது வயது

இங்கிலாந்தின் வடமேற்கில், மோர்கம் விரிகுடாவின் கரையில், கிரேஞ்ச்-ஓவர்-சாண்ட்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1857இல் ரயில் வந்தது. காற்று வாங்க வந்தவர்களால் ஊர் வளர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல ஓய்வுபெற்றவர்களின் ஊராகவே ஆகிவிட்டது. தண்டவாளத்துக்கும் விரிகுடாவுக்கும் நடுவே நீண்ட நடைபாதை ஓடுகிறது. கார்கள் வராது, ஏற்ற இறக்கம் கிடையாது, கைத்தடியோடு நடப்பவருக்கு ஏற்ற தரை. வழிநெடுக இருக்கைகள் போட்டிருக்கிறார்கள், எல்லாம் கடலைப் பார்த்தபடி.

ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது புல். கென்ட் ஆறு விரிகுடாவுக்குள் தன் போக்கை மாற்றிக்கொண்டு கரையை விட்டு விலகிப் போய்விட்டது. அது விட்டுப்போன சேற்றில் உப்புநீர்ப் புல் வேர்பிடித்தது. வேர் வண்டலைப் பிடித்துவைக்க, வண்டல் மேடாக, மேட்டில் இன்னும் புல் வளர்ந்தது. இப்போது அங்கே ஆடுகள் மேய்கின்றன. பெரிய ஓதம் வரும் சில நாட்களில் மட்டும் தண்ணீர் பழைய சுவரைத் தொட்டுவிட்டுப் போகிறது.

இந்த விரிகுடாவில் ஓதம் வடிந்தால் ஏறத்தாழ 310 சதுர கிலோமீட்டர் மணலும் சேறும் வெளியே தெரியும். கால்நடையாகக் கடப்பவர்களுக்கு வழிகாட்ட அரச நியமனம் பெற்ற ஒருவர் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறார். 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்த செட்ரிக் ராபின்சனுக்கு ஆண்டுச் சம்பளம் 15 பவுண்டும் குடியிருக்க ஒரு வீடும். நேற்று கடந்த இடத்தில் இன்று கடக்க முடியாது என்பதுதான் அவருடைய தொழிலின் அடிப்படை. ஓய்வுக்காலத்துக்கு ஊர் தேடுகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மணல்தான் நினைவுக்கு வருகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு அறுபது வயது. முழங்கால் மலையேறும், கண் இரவில் கார் ஓட்டும், கூடவே துணை இருக்கும். அங்கே வாழப்போகிற ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாக விலகிப் போகும். காட்சி அப்படியே நிற்கும். நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருந்த ஆறுதான் போக்கை மாற்றிக்கொண்டிருக்கும்.

கிரேஞ்ச் இருப்பது கம்ப்ரியா மாவட்டத்தில். பழைய கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து ஆகியவற்றோடு லங்காஷயரின் ஒரு பகுதியையும் யார்க்‌ஷயரின் ஒரு துண்டையும் சேர்த்து 1974இல் உருவாக்கினார்கள். நிர்வாகம் 2023 முதல் இரண்டு மன்றங்களாகப் பிரிந்திருக்கிறது. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக், மிகப் பெரிய இயற்கை ஏரியான 17 கிலோமீட்டர் நீள வின்டர்மியர், மேற்கே ஐரிஷ் கடல், எல்லாமே இந்த ஒரே மாவட்டத்தில். நடுவே இருக்கும் ஏரி மாவட்டம் 1951இல் தேசியப் பூங்காவானது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் 18.4 சதவீதம். கம்ப்ரியாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். வருகிறவர்களில் பலர் வேலைக்காலத்தை முடித்தவர்கள், போகிறவர்கள் வேலை தேடும் வயதினர். இரண்டு ஓட்டங்களும் ஒன்றையொன்று வேகப்படுத்துகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைக்கிறேன்.

ஓய்வெடுக்க இங்கே வருவது புதிய பழக்கம் அல்ல. 1840இல் ஜேம்ஸ் டாசன் என்ற லிவர்பூல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஓய்வுபெற்று, வின்டர்மியர் கரையில் கோபுரமும் கொத்தளமும் வைத்து ஒரு கோட்டையே கட்டினார். ரே காசில் என்று பெயர். மனைவிக்கு மதுத் தொழிலில் வந்த குடும்பச் சொத்துதான் முதல். கட்டி முடித்தபின் அந்த அம்மையார் அங்கே குடியிருக்க மறுத்துவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஓய்வுக்கால வீட்டைப் பற்றிய எந்த ஆய்விலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கிறது: இந்த ஆசை வீட்டில் யாருடையது?

அந்தக் கோட்டையால் வேறொரு பலன் விளைந்தது. 1882 கோடையில் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை வாடகைக்கு எடுத்தது. அவர்களுடைய பதினாறு வயதுப் பெண் பியாட்ரிக்ஸ் பாட்டர் அங்கேதான் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியாரைச் சந்தித்தார். ரான்ஸ்லி பின்னாளில், 1895இல், ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் இருவரோடும் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார். பாட்டர் முயல் கதைகள் எழுதிப் புகழ்பெற்று, அந்தப் பணத்தில் பண்ணை பண்ணையாக வாங்கி, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் அந்த அமைப்புக்கு எழுதிவைத்தார். இன்று அந்தப் பள்ளத்தாக்குகள் ஓட்டல்களும் குடியிருப்பு மனைகளும் ஆகாமல் நிற்பதற்கு இப்படிப்பட்ட மனிதர்கள் காரணம்.

ரஸ்கினின் கதை இன்னும் நெருக்கமானது. 1871இல் கடும் நோயிலிருந்து எழுந்த எழுத்தாளர் ஜான் ரஸ்கினுக்கு, சிறுவயதில் பார்த்த கானிஸ்டன் ஏரிக்கரையில் போய் இருக்கவேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. பிரான்ட்வுட் என்ற வீடு விலைக்கு வருகிறது என்று கேட்டதும், நேரில் போய்ப் பார்க்காமலேயே 1,500 பவுண்டுக்கு வாங்கினார். போய்ப் பார்த்தால் வீடு ஈரம் ஊறிக் கிடந்தது; பழுதுபார்க்கவும் விரிவாக்கவும் மேலும் பணம் போனது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஏரி, அதற்கு அப்பால் கானிஸ்டன் ஓல்டு மேன் மலை. அவருடைய படுக்கையறையில் ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்னக் கோபுர மாடம் கட்டிக்கொண்டார். பல பக்கமும் கண்ணாடி; நடுவில் நின்றால் தண்ணீரின் மேல் நிற்பது போல இருக்கும்.

அந்த அறையில் அவர் நிம்மதியாகவே இருந்திருக்கவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கடைசி இருபதாண்டுகளில் மனநோய் அவரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. 1889க்குப் பிறகு எழுத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. 1900 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதுவரை அவரைத் தாங்கியவர் ஜோன் செவர்ன், தூரத்து உறவுப் பெண். கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரான்ட்வுட்டில் குடியேறி, வீட்டையும் நோயாளியையும் வருகிற பார்வையாளர்களையும் நிர்வகித்தவர் அவர்தான். காந்தியை 1904இல் ஜோகன்னஸ்பர்க்-டர்பன் ரயிலில் தூங்கவிடாமல் செய்த நூலை எழுதிய மனிதருக்கும், கடைசியில் வேண்டியிருந்தது பக்கத்தறையில் ஓர் ஆள். பிரான்ட்வுட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் காட்சி மாடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ஜோன் செவர்னைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன். இன்று ஒரு மருத்துவரோ ஆசிரியரோ மான்செஸ்டரிலிருந்து கிளம்பி இங்கே வந்து வீடு வாங்கும்போது, அவருடைய ஜோன் செவர்ன் எங்கே குடியிருப்பார்?

அதைச் சொல்வதற்கு முன், நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். நடுவில் மலைக்கூட்டம்; அதிலிருந்து எல்லாத் திசையிலும் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. கவிஞர் வர்ட்ஸ்வர்த் தன் வழிகாட்டி நூலில் இதற்குச் சக்கரத்தின் ஆரக்கால்களை உவமை சொன்னார். உவமை அழகானது, ஆனால் ஒரு ஆரக்காலில் இருப்பவர் அடுத்த ஆரக்காலுக்குப் போக விளிம்புவரை இறங்கிச் சுற்றித்தான் வரவேண்டும். வாஸ்டேல் ஹெட்டிலிருந்து பாரோடேலில் இருக்கும் சீத்வெயிட்டுக்கு ஸ்டை ஹெட் கணவாய் வழியே நடந்தால் அரைநாள் போதும். காரில் சுற்றிப் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். மலைக்கு மேலே போகும் ஹார்ட்நாட் கணவாய்ச் சாலை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் செங்குத்தானது. பனி உறைந்தால் பயன்படாது. அறுபதில் இந்தத் தனிமையைத் தேடித்தான் வருகிறோம். எண்பதில் பல் மருத்துவரிடம் போவதே ஒருநாள் வேலையாகிவிடும்.

மழையையும் சொல்லவேண்டும். சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, லண்டனில் பெய்வதைப்போல ஐந்து மடங்கு. இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது அதுதான். 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயலில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது. அது பிரிட்டனின் சாதனை அளவு. கிராஸ்மியருக்கும் கெஸிக்குக்கும் இடையே ஏ591 நெடுஞ்சாலை அடித்துக்கொண்டு போனது. திரும்பத் திறக்க மறு ஆண்டு மே மாதம் ஆயிற்று. மாவட்டத்தின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 555 பேருந்து ஓடும் சாலை அது. கார் ஓட்டுவதை விட்டுவிட்ட முதியவருக்கு அந்தப் பேருந்துதான் சந்தை, மருத்துவர், நண்பர் வீடு எல்லாம். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் காப்பீடு எட்டும் விலையில் கிடைக்க 2016இல் ஃபிளட் ரீ என்ற ஏற்பாடு வந்தது. 2009 முதல் கட்டிய வீடுகள் அதில் சேரா. ஏற்பாடே 2039இல் முடிகிறது. அறுபதில் வாங்குகிறவர் தன் எண்பதாம் வயதுக் கணக்கோடு இந்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மழையைவிட வெளிச்சம்தான் மனிதரைச் சோதிக்கும் என்பது என் எண்ணம். கம்ப்ரியா இருப்பது வடக்கே 54 பாகைக்கு மேல். ஜூனில் பகல் பதினேழு மணி நேரம். வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள். டிசம்பரில் பகல் ஏழேகால் மணி நேரம்தான். மாலை நான்குக்குள் சூரியன் போய்விடும். பள்ளத்தாக்கின் அடியில், தெற்கே மலை நிற்கும் வீடுகளில், தாழ்வாகப் போகும் சூரியன் மலைக்கு மேலே எழும்புவதே இல்லை. வாரக்கணக்கில் முற்றத்தில் வெயில் விழாது. வீடு வாங்க நினைப்பவர் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை போய், பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று பார்க்கவேண்டும். விலைபேசுகிறவர் சொல்லாத செய்தியை அந்த அரைமணி நேரம் சொல்லிவிடும்.

வீடுகளோ பழங்கல் வீடுகள். சுவர் அரைமீட்டருக்கு மேல் பருமன், நடுவில் காற்றிடைவெளி இல்லாத கட்டுமானம், ஸ்லேட் கூரை. பார்க்க அவ்வளவு அழகு. குளிரை உள்ளே விடாமல் தடுக்கச் சுவரின் உட்புறம் தகடு பதிக்கலாம் என்றால், சுவரில் ஊறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். கிராமப்புறங்களில் குழாய் எரிவாயு இல்லாத இடங்கள் நிறைய. கொதிகலன் மண்ணெண்ணெயில் எரிகிறது. தோட்டத்தில் ஒரு தொட்டி. லாரி வந்து ஒரே தடவையில் குறைந்தது 500 லிட்டர் ஊற்றிவிட்டுப் போகும். லாரி திரும்ப இடமில்லாத சந்தில் வீடு இருந்தால் அதற்கொரு ஏற்பாடு. கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. 2020 முதல் அதை நேராக ஓடையிலோ ஆற்றிலோ விடக்கூடாது. பழைய தொட்டியை மாற்றும் செலவு வாங்கியவர் தலையில். இந்த விதிக்கு நியாயம் இருக்கிறது. வின்டர்மியரில் கோடையில் படரும் நீலப்பச்சைப் பாசிக்கு உணவு பாஸ்பரஸ். அது பெரிய கழிவுநீர் நிலையங்களிலிருந்தும் வருகிறது, ஏரியைப் பார்க்கவென்றே கட்டிய வீடுகளின் தொட்டிகளிலிருந்தும் வருகிறது.

இனி ஜோன் செவர்ன் குடியிருக்கும் இடத்தைப் பற்றி.

ஏரி மாவட்டத்தின் அழகு பாதுகாக்கப்பட்ட அழகு. பூங்கா ஆணையத்தின் அனுமதி இல்லாமல் புதிதாக ஒரு வீடு எழும்ப முடியாது. மலைச்சரிவில் கட்டடம் தெரியக்கூடாது, கல்லும் ஸ்லேட்டும் பொருந்தவேண்டும். இந்தக் கண்டிப்பை நான் மனதார ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் பேசுவதற்கு இந்த இடமே மிஞ்சியிருக்காது. ஆனால் வீடுகளின் எண்ணிக்கை நின்றுபோக, விரும்புகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் விலை எங்கே போகும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை. பெருநகரத்தில் முப்பதாண்டு கடன் அடைத்த வீட்டை விற்றுவிட்டு வருகிறவரோடு, ஓட்டலில் சமைக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் எப்படி ஏலம் கேட்பார்? எல்டர்வாட்டர் போன்ற சிற்றூர்களில் பெரும்பாலான வீடுகள் இரண்டாம் வீடுகளாகவோ விடுமுறை வாடகை வீடுகளாகவோ ஆகிவிட்டன. குளிர்கால மாலையில் தெருவில் நடந்தால் விளக்கெரியும் ஜன்னல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆணையம் இதற்கு ஒரு வழி கண்டது. புதிதாகக் கட்டும் வீடுகளில், அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவரோ வேலைபார்த்தவரோ மட்டுமே குடியிருக்கலாம் என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுகிறார்கள். அந்த வீடுகளின் விலை ஓரளவு அடங்குகிறது. ஆனால் நிபந்தனை இல்லாத பழைய வீடுகளின் மேல் வெளிப்பணம் இன்னும் அழுத்தமாக இறங்குகிறது. 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கச் சட்டம் இடம் கொடுத்தது. இங்குள்ள இரண்டு மன்றங்களில் ஒன்றான வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னஸ் அப்படியே செய்தது. நல்ல முடிவுதான். இருந்தாலும் வரி கூடியதால் காலியாகும் வீட்டை வாங்கப்போவது யார் என்று பார்த்தால், பல நேரங்களில் ஓய்வுபெற்ற இன்னொரு தம்பதிதான்.

இவர்களையும் இரண்டாம் வீட்டுக்காரர்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமல்ல. ஓய்வுபெற்று வருகிறவர் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறார், ஊர்க் கடையில் பால் வாங்குகிறார். ஊர்மன்றக் கூடத்தின் கணக்கை எழுதுகிறார், நூலகத்தைத் திறந்து வைக்கிறார். ஃபிக்ஸ் தி ஃபெல்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்தில் மழை அரித்த மலைப்பாதைகளில் வடிகாலைச் சுத்தம்செய்து கல் பதிக்கிறார். இந்த மலைகளை உலகுக்கு எழுதிக்காட்டிய ஆல்ஃபிரட் வெயின்ரைட்கூட வெளியூர்க்காரர்தான். பிளாக்பர்னிலிருந்து 1941இல் கென்டலுக்கு வேலைக்கு வந்து, 1967இல் ஓய்வுபெற்று, அங்கேயே வாழ்ந்தவர். வட்டாரத்தில் இப்படி வந்தவரை ‘ஆஃப்கமர்’ என்பார்கள். பல பத்தாண்டு இருந்தாலும் அந்தப் பெயர் முழுசாகப் போகாது. வந்தவரின் உழைப்பால் ஊர் நிற்கிறது என்பதும், அவர் வந்ததால் ஊர்ப்பிள்ளைக்கு வீடு கிடைக்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. யாரையும் குற்றவாளி ஆக்காமல் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் விளைவு வந்து விழுவது அந்த முதியவர்மேல்தான். காலையில் வந்து எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக்கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுக்கும் பராமரிப்புப் பணியாளரின் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12.21 பவுண்டு. அந்தக் கூலியில் ஆம்பிள்சைடிலோ கிராஸ்மியரிலோ வாடகை கட்டமுடியாது. எனவே அவர் கென்டலிலோ பாரோவிலோ குடியிருந்து காரில் வரவேண்டும். அரைமணி நேர வேலைக்கு அரைமணி நேரம் குறுகிய மலைச்சாலையில் ஓட்டம், அடுத்த வீட்டுக்கு இன்னொரு ஓட்டம். நகரத்தில் ஒரே தெருவில் ஐந்து பேரைப் பார்த்துவிடுகிறவர், இங்கே ஒரு காலைப்பொழுதில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்க்கமுடியும். பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் ஆள் கிடைக்காத நிலை இப்படித்தான் வருகிறது. 2022இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கான விசா திறக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்தும் நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்தும் ஏராளமானோர் பிரிட்டனுக்கு வந்தார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. நாடு முழுவதற்குமான அந்த முடிவு முதலில் உறைப்பது பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நம்மூர் வாசகருக்கு இது புதிதாக இருக்கும். பிரிட்டனில் மருத்துவம் இலவசம். முதுமைப் பராமரிப்பு இலவசமல்ல. இங்கிலாந்தில் ஒருவருக்கு 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பராமரிப்புச் செலவு முழுவதும் அவரே ஏற்கவேண்டும். நிரந்தரமாக முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, துணைவரோ அப்படிப்பட்ட நெருங்கிய உறவோ வீட்டில் இல்லாவிட்டால், வீட்டின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரும். வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைப்பதாக இருந்த திட்டம் 2024இல் கைவிடப்பட்டது. முழு அரசு ஓய்வூதியம் 2025-26இல் வாரத்துக்கு 230.25 பவுண்டு. ஏரிக்கரை வீடு என்பது வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கல்லாகவும் ஸ்லேட்டாகவும் உறைந்திருக்கும் வடிவம். பராமரிப்பு வேண்டிவரும் நாளில் அதை உருக்கித்தான் ஆகவேண்டும்.

மருத்துவமனை விஷயத்தில் வரைபடமே போதும். அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைகள் சக்கரத்தின் விளிம்பில் இருக்கின்றன: வடக்கே கார்லைல், மேற்கே வைட்ஹேவன், தென்மேற்கே பாரோ, தெற்கே எல்லை தாண்டி லங்காஸ்டர். கென்டலில் மருத்துவமனை உண்டு, முழு அவசர சிகிச்சைப் பிரிவு இல்லை. கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கிலிருந்து லங்காஸ்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்; சுற்றுலாக் கார்கள் நெரியும் ஆகஸ்டில் அதற்கும் மேல். பக்கவாதம் வந்தால் இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். கைபேசி அலை எட்டாத வீட்டில், தனியாக, இரவில் விழுந்தவருக்கு அந்தக் கடிகாரம் எப்போது ஓடத்தொடங்கியது என்றே தெரியாது. மலைமீட்புக் குழுக்களில் இருப்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களும் வயதாகாமல் இருக்கவேண்டும், பக்கத்தில் குடியிருக்கவும் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, போகவே கூடாதா என்று கேட்டால், போகலாம் என்றே சொல்வேன். பள்ளத்தாக்கின் உச்சியை விட்டுவிட்டுச் சந்தை கூடும் ஊருக்குப் போகவேண்டும். அல்வர்ஸ்டன், கென்டல், காக்கர்மவுத் போன்ற ஊர்கள் விளிம்பில் இருக்கின்றன. கடைத்தெருவுக்கு நடந்து போகலாம், மருத்துவர் பக்கத்தில், பிள்ளைகள் படிக்கும் பள்ளி உண்டு, இளையவர்களுக்குக் கொஞ்சமாவது வாடகை கட்டுப்படியாகிறது. காக்கர்மவுத்தில் 2009இலும் 2015இலும் ஆற்றுவெள்ளம் புகுந்தது. அதனால் மேட்டுத்தெரு பார்த்து வாங்கவேண்டும். அரசு ஓய்வூதிய வயதை எட்டியவருக்குப் பேருந்து அட்டை உண்டு. வாரநாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகு கட்டணமில்லாமல் ஏறி மலையைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். மேற்குக் கடலோரம் இன்னும் மலிவு. செல்லஃபீல்டு அணு வளாகமும் பழைய நிலக்கரி ஊர்களும் இருப்பதால் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் சால்வே கரையில் சிலாத் ஊரின் பரந்த புல்வெளியில் நின்று, சூரியன் ஸ்காட்லாந்து மலைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்தவர் அந்தக் கடற்கரையை லேசில் மறக்கமாட்டார். மழையும் மலைக்குள்ளே பெய்வதில் ஒரு பங்குதான்.

ஓர் இடத்தோடு ஒன்றிப்போவதைப் பற்றிப் பேசும்போது இந்த மலைகளின் ஹெர்ட்விக் ஆடுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கருப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகும், முகம் வெண்மையாகிவிடும். வேலியில்லாத மலையில் அவை தம் எல்லையைத் தாண்டுவதில்லை. எந்தச் சரிவில் புல், எந்தப் பாறைமறைவில் காற்று அடிக்காது என்பதை முதல் கோடையில் தாயோடு திரிந்தே குட்டி கற்றுக்கொள்கிறது. ‘ஹெஃப்ட்’ என்று சொல்கிறார்கள். பண்ணை கைமாறினாலும் மந்தை மலையோடு நிற்கும். புதிய குத்தகைக்காரர் போகும்போது அதே எண்ணிக்கையை விட்டுவிட்டுப் போகவேண்டும். 2001இல் கோமாரி நோய் வந்து கம்ப்ரியாவில் மட்டும் 893 இடங்களில் உறுதியானது. மந்தை மந்தையாக ஆடுகள் அழிக்கப்பட்டபோது மேய்ப்பர்களின் பெரிய அச்சம் இதுதான். ஆடுகளைச் சந்தையில் வாங்கிவிடலாம், மலையை அறிந்த தாயை எங்கே வாங்குவது? அப்படி இழந்த இடங்களில் மேய்ப்பர்களே மலையில் நின்று, எல்லை தாண்டும் ஆடுகளை நாள்தோறும் திருப்பி ஓட்டிப் பழக்கவேண்டியிருந்தது. பல ஆண்டு வேலை அது.

ரைடலிலிருந்து கிராஸ்மியருக்கு மலையோரமாக ஒரு பாதை போகிறது, வர்ட்ஸ்வர்த் கடைசிவரை வாழ்ந்த ரைடல் மவுன்ட் வீட்டின் பின்பக்கமாக. சவப்பாதை என்று பெயர். ஒருகாலத்தில் ரைடல், ஆம்பிள்சைட் பக்கத்தில் இறந்தவர்களைப் புதைக்க கிராஸ்மியரின் புனித ஆஸ்வால்ட் தேவாலயத்துக்குத்தான் தூக்கிவரவேண்டியிருந்தது. தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கட்டடத்தில் இப்போது இஞ்சி ரொட்டி விற்கிறார்கள், தெரு முழுக்க மணக்கிறது. முன்பு அது ஊர்ப் பள்ளிக்கூடம்; வர்ட்ஸ்வர்த் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் வகுத்த ‘மதராஸ் முறை’க் கல்வியில் அவருக்கு அப்போது பெரிய நம்பிக்கை. பாதை ஏறி இறங்கும் இடங்களில், தூக்கி வந்தவர்கள் சவப்பெட்டியை இறக்கிவைத்துத் தோள் மாற்றிக்கொள்ளத் தட்டையான கற்கள் கிடக்கின்றன. நம்மூர்ச் சாலையோரச் சுமைதாங்கியைப் பார்த்துப் பழகியவருக்கு அவை எதற்கென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு நாலு பேர், தோள் மாற்ற இன்னும் நாலு பேர்; எல்லாரும் பக்கத்துப் பள்ளத்தாக்கு வீடுகளில் குடியிருந்தவர்கள்.

நடக்க வருகிறவர்கள் இப்போது அந்தக் கற்களில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் குடிக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், இரண்டு இரண்டு பேராக. கீழே ரைடல் ஏரி மரங்களுக்கு நடுவே தெரிகிறது. மூச்சு வாங்குவது நின்றதும் ஒருவர் எழுந்து, மற்றவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார்.